மலையகத்தின் இறக்கங்களில் விடுபடும் சக்தி

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து நுவரெலியா ஊடாகக் குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வண்டியொன்று இறம்பொடைக்கு அருகே கெரண்டியெல்லயில் பள்ளத்தில் வீழ்ந்ததில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேரைப் பலிகொண்டது. அதற்கு முன்னர், 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த சுற்றுலா பஸ் ஒன்று எதிரே வந்த வேன் மீதும் முச்சக்கர வண்டி மீதும் மோதியதில் 7 உயிர்கள் பறிபோயின. மூன்றும் மலைநாட்டு வீதிகளில் நிகழ்ந்தவை. மூன்றிலும் வாகனம் இருந்த இடம் உயரமானது.

இத்தகைய விபத்து ஒவ்வொன்றின் பின்னரும் சாரதியின் கவனயீனம், தூக்கமின்மை, வீதியின் குறுகல், வாகனத்தின் பழுது என்று காரணங்கள் பேசப்படுகின்றன. விசாரணைகளும் நடைபெறுகின்றன. எந்த விபத்துக்கு எது காரணம் என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. அது உரியவர்களின் பணி. ஆயினும் இவை அனைத்துக்கும் அடியில் ஒரு பௌதிகவியல் உண்மை இருக்கின்றது. மலையுச்சியில் நிற்கும் எந்தப் பொருளும் தன்னுள்ளே சக்தியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் நிற்கின்றது. கீழே இறங்கும்போது அந்தச் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். எங்கே போவது என்பதை மனிதன் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் அது விளக்கு எரிக்கும், கேளிக்கையும் தரும். ஏற்பாடு செய்யாவிடின் அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

இதனை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துச் சிறுவர்களின் கையிலிருக்கும் கெட்டப்போலிலிருந்து தொடங்குவதே எளிது. கொய்யா மரத்துக் கவையொன்று, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரு றப்பர் பட்டிகள், கல்லை வைக்க ஒரு துண்டுத் தோல். இவ்வளவுதான் அதன் உறுப்புகள். சிறுவன் றப்பரை 30 சென்ரிமீற்றர் இழுக்கிறான் என்றும், முழுதாக இழுத்த நிலையில் 6 கிலோ நிறையைத் தூக்குவதற்கு ஒப்பான விசை தேவைப்படுகிறது என்றும் கொள்வோம். அவனுடைய தசைகள் செய்த வேலை சுமார் 9 ஜூல் சக்தியாக றப்பரில் ஒடுங்கியிருக்கின்றது. இதனைப் பாடநூல்கள் மீள்தன்மை அழுத்த சக்தி என்கின்றன. விரலை விட்டதும் அச்சக்தியில் பாதியே கல்லுக்குப் போய்ச் சேர்ந்தாலும், 10 கிராம் கல் மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். வெறுங்கையால் எறிந்து அவ்வேகத்தை எட்டக்கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

கெட்டப்போல் சக்தியை உண்டாக்குவதில்லை என்பதை இங்கு கவனத்திற் கொள்ள வேண்டும். சிறுவனின் கை ஒரு செக்கன் செலவிட்டு மெதுவாகக் கொடுத்ததை, றப்பர் ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கின்றது. சக்தியின் அளவு கூடவில்லை. அது வெளிப்படும் வேகம் கூடிவிட்டது. மெதுவாகச் சேர்த்தல், சட்டென விடுதல் என்ற இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே கெட்டப்போலின் வல்லமை. விடுவிப்பதற்கு வேண்டியதோ இரண்டு விரல்களின் சிறு அசைவு மட்டுமே.

கல்லுக்குப் போகாத மீதிச் சக்தி என்னவாயிற்று என்று கேட்கலாம். றப்பர் பட்டியொன்றைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள். இலேசான சூடு தெரியும். இயக்கத்தின் ஒரு பங்கு எப்போதும் வெப்பமாக மாறிக்கொண்டே இருக்கின்றது. கெட்டப்போலில் இது அற்ப விடயம். பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது இதுவே பிரதான விடயமாகிவிடும்.

குறிஞ்சி நிலத்துத் தினைப்புனங்களில் பறவைகளை விரட்டப் பயன்பட்ட கவண் பழைமையானது. ஆனால் அது கயிற்றில் கல்லை வைத்துச் சுழற்றி எறியும் கருவி. றப்பர் கெட்டப்போலோ, கந்தகம் சேர்த்து றப்பரைப் பதப்படுத்தும் முறை 19ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட பின்னரே தோன்றியிருக்க முடியும். பார்ப்பதற்கு ஆதிகாலத்துப் பொருள் போன்றிருந்தாலும் அதற்கு 200 வயது கூட ஆகவில்லை.

சக்தியைச் சேமிக்க இழுபடும் பொருள் ஒன்றுதான் வேண்டுமென்பதில்லை. அரபு வரலாற்று நூல்கள் ‘மஞ்சனீக்’ எனக் குறிப்பிடும் முற்றுகைப் பொறியை நம்மில் பலர் அறிவர். தொடக்கத்தில் ஆட்கள் கயிற்றைப் பிடித்திழுத்து இயக்கிய அப்பொறி, பின்னர் பாரப்பெட்டியால் இயங்குவதாக மாறியது. 12ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபிக்காக மர்தி அத்தர்ஸூஸி எழுதிய போர்க்கருவி நூலில் இவ்வகைப் பொறி விளக்கப்பட்டுள்ளது. நீண்ட மரத்தின் குறுகிய முனையில் கல்லும் மண்ணும் நிரப்பிய கனத்த பெட்டி தொங்கும். பலர் சேர்ந்து நெடுநேரம் முயன்று அப்பெட்டியை உயர்த்திப் பூட்டிவிடுவர். பூட்டைத் தட்டியதும் பெட்டி கீழே விழ, மறுமுனை மேலெழுந்து கவணிலுள்ள பாறையைக் கோட்டைச் சுவர் மீது வீசும். இங்கே இழுபட்ட றப்பர் இல்லை. வளைந்த வில் இல்லை. உயர்த்தப்பட்ட பாரம் மட்டுமே உண்டு. உயரமே களஞ்சியம்.

இதே உயரக் களஞ்சியத்தைக் கேளிக்கைக்குப் பயன்படுத்துவதுதான் ரோலர் கோஸ்டர். அதன் முன்னோடிகளில் ஒன்று கேளிக்கைக்காகப் பிறந்ததன்று என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மலைமீதிருந்த சுரங்கத்து நிலக்கரியை இறக்க 1827இல் ஒரு தண்டவாளப் பாதை அமைத்தனர். நிரம்பிய பெட்டிகள் புவியீர்ப்பினால் தாமாகவே இறங்கின. வெறும் பெட்டிகளை மேலே இழுத்துச் சென்ற கோவேறு கழுதைகளும் இறங்கும்போது பெட்டியில் ஏறிச் சவாரி செய்தன. பின்னாளில் நிலக்கரியை விடச் சவாரிக்கே கிராக்கி கூடிற்று. 1884இல் நியூயோர்க்கின் கொனி ஐலண்ட் கடற்கரையில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் தண்டவாளச் சவாரி தொடங்கப்பட்டது. நமது மலையக ரயில் பாதை ஹற்றனை எட்டியதும் அதே 1884ஆம் ஆண்டில்தான்.

நிலக்கரிக்கு அங்கே தண்டவாளமென்றால் இங்கே கொழுந்துக்குக் கம்பி. மேல் மலையிலிருந்து பள்ளத்திலுள்ள தொழிற்சாலைக்கு, அதாவது தோட்ட வழக்கில் ‘ஸ்டோரு’க்கு, இரும்புக் கம்பியில் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டு அனுப்பும் முறை பல தோட்டங்களில் இருந்தது. சாக்கை இறக்கியது புவியீர்ப்பு. ஆனால் அந்தக் கொழுந்தைக் கிள்ளப் பெண்கள் ஒவ்வொரு காலையிலும் மலையேறித்தான் ஆக வேண்டியிருந்தது. அக்கணக்கில் மேலே ஏறுவதற்கான செலவை ஏற்றவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை.

ரோலர் கோஸ்டருக்குத் திரும்புவோம். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் முதலாவது மேடுதான் மிக உயரமானது. மின்மோட்டார் சங்கிலியால் வண்டியை அங்கே இழுத்துச் செல்கின்றது. அதன் பின்னர் வண்டிக்கு இயந்திரமே இல்லை. இறங்கும்போது உயரம் வேகமாகின்றது. அடுத்த மேட்டில் வேகம் மீண்டும் உயரமாகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் சில்லின் உராய்வும் காற்றின் தடையும் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வதால் அடுத்தடுத்த மேடுகள் தாழ்ந்துகொண்டே போக வேண்டும்.

கெட்டப்போலையும் மலையையும் ஒன்றாக இணைத்தது போன்ற ரோலர் கோஸ்டர்களும் உண்டு. நியூ ஜேர்சியில் 2005ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை இயங்கிய ‘கிங்டா கா’ அதில் ஒன்று. அது வண்டியைச் சங்கிலியால் மெல்ல ஏற்றவில்லை. அழுத்தத்தில் அடைக்கப்பட்ட சக்தியை விடுவித்து, சில செக்கன்களில் மணிக்கு 206 கிலோமீற்றர் வேகத்துக்கு உந்தி, 139 மீற்றர் உயரக் கோபுரத்தின் மீது ஏற்றியது. உராய்வே இல்லையெனில் 139 மீற்றர் ஏறுவதற்கு மணிக்கு 188 கிலோமீற்றர் போதும். மேலதிக வேகம், வழியில் இழக்கப்போவதற்காக முன்கூட்டியே கொடுத்த செலவு. அப்படிக் கொடுத்தும் சில வேளைகளில் வண்டி உச்சியை எட்டாமல் பின்னோக்கி உருண்டு வந்ததுண்டு. அதனையும் பொறியியலாளர்கள் எதிர்பார்த்திருந்தனர். வண்டி புறப்பட்ட தடத்திலேயே பிரேக்குகளை வைத்து, உருண்டு வரும் வண்டியைப் பிடித்து நிறுத்தினர். ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன, சக்தி போய்ச்சேர வேண்டிய இடம் இரண்டு நிலைமைக்கும் வகுக்கப்பட்டிருந்தது. பார்ப்பவர் வயிற்றைக் கலக்கும் அச்சவாரி, தேயிலை மலையின் நடுவே ஓடும் பஸ்ஸை விடப் பாதுகாப்பாக இருப்பதன் இரகசியம் இதுவே.

மலையகத்தில் உயரத்தின் சக்தியை ஒழுங்காக வாங்கிக்கொண்டதற்கு உதாரணம் இல்லாமலில்லை. நீர்மின்சாரமே அது. சூரியன் கடல்நீரை ஆவியாக்கி உயர்த்துகின்றது; பருவக்காற்று அதனை மலையில் கொண்டுவந்து கொட்டுகின்றது. ஒரு கன மீற்றர் தண்ணீர், அதாவது 1,000 லீற்றர், 450 மீற்றர் இறங்கினால் இழப்புகள் போக ஏறத்தாழ ஒரு அலகு மின்சாரம் கிடைக்கும். ஒரு மின்விசிறி இரவு முழுவதும் சுழல்வதற்குச் சற்றுக் கூடுதலாகவே போதுமான அளவு அது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே மஸ்கெலியா, கெசல்கமு ஓயாக்களின் நீரைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் வழங்கலாம் என எடுத்துக் காட்டினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல்தான். 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் வந்தன. மவுசாக்கலையில் நிறைந்தால் சுமார் 12 கோடி கன மீற்றர் நீர் நிற்கும். அது ஒரே மின்நிலையத்தோடு முடிந்துவிடுவதில்லை. கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் தன் உயரத்தில் ஒரு பங்கை ஒப்படைத்துவிட்டுப் போகின்றது. 2012இல் தலவாக்கலையில் திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டமும் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே நீரை இறக்கி 150 மெகாவாட் வலுவைப் பெறுகின்றது.

இக்களஞ்சியங்களுக்கு மலையகம் கொடுத்த விலை சிறிதன்று. மவுசாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர். லக்ஷபானவின் மின்சாரம் கொழும்பைச் சென்றடைந்த பின்னரும் பல பத்தாண்டுகள், மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்றுகொண்டிருக்க, சுற்றியிருந்த லயன்கள் பலவற்றில் குப்பி விளக்கே எரிந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. ஆயினும் பொறியியல் என்ற அளவில் அங்கே நடப்பது செவ்வையான காரியம். தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எவ்வளவு வேகத்தில் இறங்கும், அதன் சக்தியை எது பெறும், மிதமிஞ்சினால் எந்த வான்கதவு திறக்கும் என்பன யாவும் முன்னரே வரையறுக்கப்பட்டவை.

மலைச்சரிவில் நிற்கும் மண்ணுக்கு அப்படி எந்த வரையறையும் கிடையாது. ஈரமான ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ 1,800 கிலோ நிறையுடையது. 100 மீற்றர் மேலே இருக்கும் அந்த மண்ணில் ஒடுங்கியிருக்கும் சக்தி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் 10 தொன் பஸ்ஸின் இயக்க சக்தியை விட அதிகம். அதனைப் பிடித்து நிறுத்தியிருப்பது மண்ணின் உராய்வும் பிணைப்பும் வேர்களும்தான். இடைவிடாத மழை மண்ணிடுக்குகளை நிரப்பும்போது நீரின் அழுத்தம் அந்தப் பிடிப்பைத் தளர்த்துகின்றது. கெட்டப்போலை விடுவிக்கும் இரு விரல்களைப் போன்றதே கடைசி மணித்தியாலத்து மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயன்கள் மண்ணில் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாடெங்கும் சரிவுகள் பெயர்ந்தபோதும் நாம் கண்டது அதுவே. மண்சரிவு தனிக் கட்டுரைக்குரியது. இங்கு அதனைக் குறிப்பிட்டது, உயரம் சேமித்ததை விடுவிக்கப் பெரிய காரணம் தேவைப்படுவதில்லை என்பதற்காகவே.

இனி பஸ்ஸுக்கு வருவோம். பயணிகளும் பொதிகளுமாக 10 தொன் நிறையுள்ள பஸ் ஒன்று நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து கண்டிக்கு இறங்குகின்றது. நிகர இறக்கம் 1,400 மீற்றர் அளவில் இருக்கும். அந்த உயரத்தில் பஸ் சேமித்து வைத்திருந்த சக்தி, குளிர்ந்த தண்ணீர் 400 லீற்றரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஏறும்போது அதனை டீசல் கொடுத்தது. இறங்கும்போது அது எங்கே போகின்றது? காற்றும் டயர்களும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மிகுதி, சாரதி வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், பிரேக்கின் வழியாக வெப்பமாக வெளியேற வேண்டும்.

இவ்விடத்தில் பலருக்கும் புலப்படாத ஒரு கணக்கு இருக்கின்றது. சமதரையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பஸ்ஸை நிறுத்தப் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி, அதே பஸ்ஸை வெறும் 14 மீற்றர் உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிப்படும் சக்திக்குச் சமம். 14 மீற்றர் என்பது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். அப்படியாயின் 300 மீற்றர் இறக்கமொன்றைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது, 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து பஸ்ஸை முற்றாக நிறுத்தும் செயலை 21 தடவை ஓய்வின்றிச் செய்வதற்கு ஒப்பாகும். கொழும்பிலோ அநுராதபுரத்திலோ வாகனம் ஓட்டிப் பழகிய சாரதி தம் வாழ்நாளில் இப்படியொரு தேவையைச் சந்தித்திருக்க மாட்டார். சமவெளியில் பிரேக் என்பது இடையிடையே மிதிப்பது. இரண்டு மிதிப்புக்கிடையே அது ஆறிவிடும். மலையில் ஆறுவதற்கு நேரமில்லை.

பஸ்ஸின் பிரேக் டிரம்கள் எல்லாமாக 200 கிலோ இரும்பு என்று கொண்டு, 300 மீற்றர் இறக்கத்தின் வெப்பம் முழுவதும் அவற்றிலேயே தங்குவதாகக் கணக்கிட்டால் அவற்றின் வெப்பநிலை 300 பாகை செல்சியஸுக்கு மேல் உயரும். உண்மையில் ஒரு பகுதி காற்றில் கலையுமென்றாலும் நீண்ட இறக்கத்தில் ஆபத்தான எல்லையை எட்டுவது அரிதன்று. அப்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. சூடேறிய டிரம் விரிவடைந்து உள்ளிருக்கும் பிரேக் கட்டையை விட்டு விலகுகின்றது. கட்டையின் மேற்பரப்பு வழுவழுப்பாகி அதன் உராய்வு குறைகின்றது. எண்ணெய்ப் பிரேக்காக இருந்தால், பழைய எண்ணெயில் ஈரம் கலந்திருக்கும் பட்சத்தில் அது கொதித்துக் குமிழிகள் தோன்றுகின்றன. குமிழியை அழுத்தலாம், குமிழியால் எதனையும் அழுத்த முடியாது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. காற்றழுத்தப் பிரேக்கிலோ அடிக்கடி மிதிப்பதால் தாங்கியிலுள்ள காற்று தீர்ந்துபோகலாம். சாரதி “பிரேக் பிடிக்கவில்லை” என்று கூறுவதும், பின்னர் ஆறிய நிலையில் பரிசோதிப்பவர் பிரேக்கில் குறை காணாதிருப்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும்.

பிரேக் முற்றாகக் கைவிட்டபின் மேலும் 100 மீற்றர் இறக்கம் எஞ்சியிருந்தால், தடையெதுவும் இல்லாத கணக்கில் வாகனம் மணிக்கு 159 கிலோமீற்றர் வேகத்தை அடையும். நடைமுறையில் அதற்கு முன்னரே ஒரு வளைவு வந்துவிடும்.

இதற்கு மாற்று என்ன? மலை வீதிகளில் வண்டியோட்டி முதிர்ந்த சாரதிகள் அறிந்த விதி ஒன்றுண்டு. எந்தக் கியரில் ஏறவேண்டிய மலையோ, அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கும்போது சில்லுகள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. எஞ்சின் காற்றை உறிஞ்சி, அழுத்தி, வெளியேற்றும் வேலையிலும் தன் உராய்விலும் சக்தியை விழுங்குகின்றது. எஞ்சினைக் குளிர்விக்க ஏற்கெனவே றேடியேற்றர் இருக்கிறது. பிரேக் டிரம்முக்கு அப்படி ஒன்றும் இல்லை. புகைபோக்கும் குழாயை மூடி எஞ்சினின் தடையைக் கூட்டும் எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் பயன் மேலும் அதிகம். டீசல் மிச்சமென்று கியரை நியூட்ரலில் விட்டு இறங்குவோர் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் தாமாகவே கழற்றி எறிகின்றனர். மிச்சமாகும் டீசலின் பெறுமதியோ மிகச் சொற்பம்.

வேகமும் கணக்கில் சேரும். 300 மீற்றர் இறக்கம் 6 கிலோமீற்றர் நீளமான வீதியில் அமைந்திருந்தால், மணிக்கு 30 கிலோமீற்றரில் இறங்க 12 நிமிடங்கள் ஆகும்; பஸ்ஸிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பம் 40 மின்னடுப்புகள் ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். 60 கிலோமீற்றரில் இறங்கினால் 80 அடுப்புகள். மொத்த வெப்பம் ஒன்றுதான்; ஆறுவதற்குக் கிடைக்கும் அவகாசம் பாதியாகிவிடுகின்றது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினால் அந்த மொத்தமும் கூடும். பிரேக்கின் அளவு மட்டும் கூடாது.

ரயில் இந்த விடயத்தில் பஸ்ஸை விட முன்யோசனையுடையது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, 44 அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்துக்கு மேல் போகாதபடி மலையைச் சுற்றிச் சுற்றி வகுக்கப்பட்டது. பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உச்சியைத் தொடும் அப்பாதையில், வெற்றிடப் பிரேக் பூண்ட வண்டிகளில் குழாய் அறுந்தால் பிரேக் விடுபடாது. மாறாக இறுகிப் பிடிக்கும். காற்றழுத்தப் பிரேக்குள்ள பார ஊர்திகளிலும் இதனையொத்த ஏற்பாடு உண்டு. வலிய சுருள்வில் ஒன்றைக் காற்றழுத்தம் அமுக்கி வைத்திருக்கும். காற்று தீர்ந்தால் சுருள்வில் விரிந்து பிரேக்கை இறுக்கும். சேமித்த சக்தியைக் கொல்வதற்கல்லாமல் காப்பதற்குப் பயன்படுத்தும் கெட்டப்போல் அது. ஆனால் டிரம் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தால் அதுவும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. நவீன ரோலர் கோஸ்டர்களில் காந்தங்களுக்கிடையே உலோகத் தகடு ஓடும்போது தோன்றும் சுழல் மின்னோட்டமே வண்டியை மந்தப்படுத்துகின்றது. தேயும் கட்டை அங்கே இல்லை. அதே தத்துவத்தில் இயங்கும் ரிட்டார்டர் என்னும் கருவி உலகின் பல மலைநாடுகளில் பஸ்களில் பொருத்தப்படுகின்றது. சுவிற்சர்லாந்தின் சுண்ணாம்புக்கல் சுரங்கமொன்றில் மின்கலத்தில் ஓடும் இராட்சத லொறி, பாரத்தோடு இறங்கும்போது பெறும் மின்சாரத்தைக் கொண்டே வெறுமையாக மேலேறிவிடுகின்றது. மின்சார பஸ்களைப் பற்றிப் பேசும் நமது திட்டமிடலாளர்கள் அவற்றைக் கொழும்பு வீதிகளோடு நிறுத்திவிடாமல் ஹற்றன், நுவரெலியா வீதிகளையும் நினைத்துப் பார்ப்பது நல்லது. இறக்கத்தில் வெப்பமாகி வீணே போவதை மின்கலத்துக்குத் திருப்ப அவற்றால் இயலும்.

அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஏற்பாடுகளும் இருக்கின்றன. நீண்ட இறக்கம் தொடங்கும் இடத்திலேயே வாகனத்தை நிறுத்தித் தாழ்ந்த கியருக்கு மாறும்படி பணிக்கும் அறிவித்தல் பலகையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைக்கலாம். சமவெளியிலிருந்து சுற்றுலா பஸ்களைக் கொண்டுவரும் சாரதிகளுக்கு, குறிப்பாக ஏப்ரல் வசந்தகாலத்தில், இறக்கத்தின் உச்சியிலேயே பொலிஸார் இதனை எடுத்துரைக்கலாம். அமெரிக்காவில் நீண்ட மலையிறக்கங்களின் ஓரமாகத் தடித்த சரளை பரப்பிய, மேல்நோக்கி ஏறும் கிளைப்பாதை அமைத்திருக்கின்றனர். பிரேக் இழந்த வாகனத்தைச் சாரதி அதில் திருப்பிவிடுவார். அதன் இயக்க சக்தியில் ஒரு பகுதி மீண்டும் உயரமாகிறது; எஞ்சியதைச் சரளை விழுங்குகின்றது. கிங்டா கா கோபுரத்தில் ஏறிய வண்டிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கின்றது. நமது இறக்கங்களில் இதற்குப் பொருத்தமான இடங்கள் எவையென வீதி அதிகாரிகள் ஆராய வேண்டும். வேண்டிய நிலம் பெரும்பாலும் வீதியோரத் தேயிலை மலையில் ஒரு துண்டாகவே இருக்கும்.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. இறக்கத்தில் றப்பர் கருகுவது போன்ற நாற்றம் பஸ்ஸுக்குள் வந்தால் அது பிரேக் கட்டை எரியும் நாற்றமாக இருக்கக்கூடும். கூச்சப்படாமல் சாரதிக்கோ நடத்துநருக்கோ சொல்லுங்கள். பிரேக் இன்னும் பிடிக்கும் நிலையிலேயே வண்டியை ஓரமாக நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அரை மணித்தியாலமாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும். இறம்பொடைப் பக்கத்திலென்றால் வீதியோரத்தில் தேநீர்க் கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு பிளேன்ரீயை ஆறுதலாகக் குடித்து முடிப்பதற்குள் இரும்பும் ஆறத் தொடங்கியிருக்கும்.